பின்னால் வருகிறவர் யார் பொறுப்பு?

“பிரேக் நல்லா பிடிக்குதுல்ல, பிரேக் லைட்டு எரியாட்டி என்ன?” பழைய மாருதி 800, அம்பாசடர் வைத்திருப்பவர்கள் பலர் வாயில் சர்வசாதாரணமாக வரும் பேச்சு இது. கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது.

சம்பா அறுவடை நேரத்தில் பாபநாசம், ஒரத்தநாடு பக்கம் இரவில் வண்டி ஓட்டிப் பாருங்கள். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் வழக்கமாகக் கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுக்கமாட்டார்கள். களம் இல்லாத விவசாயி வேறு வழியின்றித் தார்ச்சாலையில் காயப்போட்டு, ஓரத்தில் கல் வைத்திருப்பார். முன்னே வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஊர்ந்து போகும். சட்டென்று பிரேக்கை மிதிக்கிறீர்கள், வண்டி நிற்கிறது. பின்னால் பிள்ளையை முன்னே உட்காரவைத்து பைக்கில் வருகிறவருக்கு அது எப்படித் தெரியும்? 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடி சுதாரிக்கத் தவறினால் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும்.

“பின்விளக்குதான் எரியுதே” என்பார்கள். அது 5 வாட். பிரேக் விளக்கு 21 வாட். பல பழைய வண்டிகளில் ஒரே பல்புக்குள் இரண்டு இழை. ஒன்று அறுந்தாலும் மற்றது எரியும், அதை நம்பி ஏமாறுகிறோம்.

கோளாறைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தையும் இல்லை. வீட்டில் ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லிப் பின்னால் போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் எரியவில்லையா? பெரும்பாலும் பல்பு, இல்லையென்றால் களிம்பேறிய ஹோல்டர். இரண்டுமே எரியவில்லை என்றால் முதலில் ஃபியூஸ், அடுத்தது பிரேக் ஸ்விட்ச்; பல வண்டிகளில் அது பெடலுக்கு மேலே இருக்கும். சாவியைப் போட்டு, ஸ்விட்சின் இரண்டு வயரையும் கழற்றி ஒன்றோடொன்று தொடவையுங்கள்; விளக்கு எரிந்தால் ஸ்விட்ச்தான் போயிருக்கிறது. பிரேக் மிதிக்கும்போது இண்டிகேட்டரும் சேர்ந்து மினுங்கினால் எர்த் சரியில்லை. துருவை உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினாலே பல நேரம் சரியாகிவிடும். ஃபியூஸ் போன இடத்தில் கம்பியைச் சுற்றாதீர்கள், வயர் தீப்பிடிக்கும்.

காலை எடுத்தபிறகும் அணையாத விளக்கும் கோளாறுதான். எந்நேரமும் எரிந்தால், எப்போது நிற்கிறீர்கள் என்று யாருக்குத் தெரியும்?

பதினைந்து வருடம் முடிந்து எஃப்.சி.க்குப் போகும் காலையில் மட்டும் அவசரமாகப் பல்பு மாட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். அடுத்த எஃப்.சி. ஐந்து வருடம் கழித்து. அதற்குள் எத்தனை அறுவடை, எத்தனை மார்கழிப் பனி! வீட்டில் அப்பாவோ மாமாவோ எரியாத பிரேக் லைட்டோடு வண்டியை எடுக்கக் கிளம்பினால், சாவியைக் கொடுக்காதீர்கள்.