வீடு கட்டப் போகிறவர் யார் என்று யாருக்குத் தெரியும்?

சுரண்டையிலும் சுற்றுவட்டாரத்திலும் கொத்து வேலை, கம்பி வேலை, வயரிங், டைல்ஸ், பெயிண்டிங் பார்க்கும் அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் தம்பிமாருக்கும், கனடா டொரண்டோவிலிருந்து ஒரு சுரண்டைக்காரன் எழுதும் திறந்த மடல்.

ஊரில் ஒருவர் வீடு கட்டப் போகிறார் என்ற சேதி முதலில் வரைபடம் போடும் இன்ஜினியர் ஆபீசுக்குத் தெரியும். அடுத்து சிமெண்ட், கம்பிக் கடைக்கு. அதற்கப்புறம்தான் டீக்கடை. இந்த மூன்று இடத்திலும் சொக்காரனோ சேக்காளியோ இருக்கிற மேஸ்திரிக்கு வேலை வீடு தேடி வரும். ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படித்துவிட்டு, ஒரு ட்ரில்லிங் மெஷினையும் கடனில் வாங்கிய பாவூர்சத்திரத்துப் பையனுக்கு அந்தச் சேதி வந்து சேரும்போது, அந்த வீட்டில் பால்காய்ப்புக்குப் பத்திரிகை அடித்திருப்பார்கள்.

டொரண்டோவில் இந்தச் சேதியை மாநகராட்சியே வெளியிடுகிறது. நடப்பிலிருக்கும் கட்டட அனுமதிகள் எல்லாம் ஒரே அட்டவணையாக, தினமும் புதுப்பிக்கப்பட்டு, யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளும்படி கிடக்கின்றன. எந்தத் தெரு, எத்தனையாவது இலக்கம், என்ன வேலை, எப்போது விண்ணப்பித்தார்கள், எப்போது அனுமதி கிடைத்தது, உத்தேசச் செலவு எவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். தமிழர்கள் நிறைந்த ஸ்கார்பரோ பக்கம் வீட்டின் நிலவறையைத் தனிக் குடியிருப்பாக மாற்றும் வேலை ஏராளம். 2023 மே மாதம் ஒரே மனையில் நான்கு குடியிருப்பு வரை கட்டலாம் என்று மாநகராட்சி விதியைத் தளர்த்தியது. அப்படி மாற்றிக் கட்டும் வீடுகளும் அந்தப் பட்டியலில்தான் ஏறும். ஒரு பிளம்பர் தன் வட்டாரத்து அஞ்சல் குறியீட்டைப் போட்டுத் தேடினால் போதும், எந்தத் தெருவுக்கு வண்டியை விடுவது என்று தெரிந்துவிடும்.

இது நேற்று முளைத்த யோசனையும் கிடையாது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஃபிரடெரிக் டாட்ஜ் என்பவர் 1891இலேயே, எங்கே என்ன கட்டடம் எழும்பப் போகிறது என்று விசாரித்து, அந்தத் தகவலை ஒப்பந்தக்காரர்களுக்கும் பொருள் விற்பவர்களுக்கும் காசுக்குக் கொடுக்கத் தொடங்கினார். சிகாகோ மாநகராட்சி 2006 முதலான அனுமதிகளை இணையத்தில் வைத்திருக்கிறது. இங்கிலாந்தில் கட்டட விண்ணப்பங்களைப் பொதுப் பதிவேட்டில் வைத்தாக வேண்டும் என்பது சட்டம். மாடியறை போட அங்கே ஒருவர் மனுப் போட்டால், அனுமதி கைக்கு வருமுன் ஜன்னல்காரரும் கூரைக்காரரும் எழுதிய கடிதங்கள் வாசலில் விழுந்துவிடும். சிலருக்கு அது எரிச்சல்தான்.

சரி, சுரண்டைக்கு வருவோம். 2021இல் பேரூராட்சியாக இருந்த ஊர் நகராட்சியானது. காய்கறிச் சந்தைக்குப் பேர்போன ஊரில் வயலும் தோப்பும் மனையாகிக்கொண்டிருப்பதைச் சாம்பவர்வடகரை சாலையில் போய் வருகிறவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். கட்ட அனுமதி வாங்குவதும் முன்போல இல்லை. 2024 ஜூலை 22 அன்று தமிழக அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமோ, அதற்கு மேல் ஒரு மாடியோ கட்டுகிறவர் இணையத்தில் விவரம் ஏற்றிப் பணம் கட்டினால் உடனே அனுமதி. வீடு கட்டுபவருக்கு நல்ல காரியம். வேலை தேடுபவருக்கோ, நகராட்சி வராந்தாவில் நின்றால் காதில் விழுந்துகொண்டிருந்த பேச்சும் போயிற்று. விண்ணப்பத்தை ஏற்றிக்கொடுத்த இன்ஜினியருக்கும் கம்ப்யூட்டருக்கும் மட்டுமே தெரிந்த சங்கதியாக அது சுருங்கிவிட்டது.

அது ரகசியமாக இருக்க வேண்டியது இல்லை என்பதுதான் இந்த மடலின் வழக்கு. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 4(1)(ஆ) என்றொரு பிரிவு. யாரும் கேட்காமலே அரசு அலுவலகங்கள் தாமாக வெளியிட வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறது. அதில் பதின்மூன்றாவது, அந்த அலுவலகம் வழங்கிய சலுகைகள், அனுமதிகள், அங்கீகாரங்களைப் பெற்றவர்களின் விவரம். கட்டட அனுமதியும் அனுமதிதானே? அந்தப் பட்டியலை நகராட்சி வாசலில் ஒட்ட வேண்டும் என்று கேட்பவர்கள் சட்டத்தில் இல்லாத எதையும் கேட்கவில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. வரைபட அனுமதி வாங்கும்போதே கட்டுமானச் செலவில் ஒரு சதவீதம் தொழிலாளர் நல நிதிக்கென்று பிடிக்கிறார்கள். சொந்தமாகக் குடியிருக்கக் குறைந்த செலவில் கட்டும் வீட்டுக்கு விலக்கு. முப்பது லட்சம் ரூபாய்க் கடைக் கட்டடமென்றால் 30,000 ரூபாய். சித்தாள் பேரைச் சொல்லி வாங்கும் கல்லாவுக்குப் பக்கத்திலேயே, அந்தச் சித்தாளுக்கு வேலை எங்கே இருக்கிறது என்ற சேதியையும் பூட்டி வைத்திருப்பது என்ன நியாயமோ.

அனுமதி கிடைத்த வீட்டுக்கு மேஸ்திரி ஏற்கெனவே பேசி முடித்திருப்பாரே, பட்டியலைப் பார்த்து என்ன லாபம் என்று அனுபவஸ்தர்கள் கேட்பார்கள். கொத்து வேலையைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மை. ஆனால் ஒரு வீடு கொத்தனாரோடு முடிவதில்லை. பட்டியலில் இருக்கும் தேதிதான் மற்றவர்களுக்குக் காசு. வானம் தோண்டி, பேஸ்மட்டம் வந்து, நிலை வைக்கும்போது ஆசாரி வேண்டும். மேல்தளத்துக்குக் கம்பி கட்டி முடித்ததும், கான்கிரீட் கொட்டுவதற்கு முன்னால், வயரிங் பைப் தளத்துக்குள் போயாக வேண்டும். அந்த ஓரிரு நாளைத் தவறவிட்ட வயர்மேனுக்கு அந்த வீடு இல்லை. பூச்சு முடிந்தால் டைல்ஸ்காரர், கடைசியில் பெயிண்டர். ஆடியிலும் மார்கழியிலும் நம் பக்கம் யாரும் பால் காய்ச்சுவதில்லை. சித்திரையில் அனுமதி வாங்கியவர் தை முகூர்த்தத்தைத்தான் கண்ணில் வைத்திருப்பார். ஐப்பசி அடைமழை விட்டதும் வெளிச்சுவருக்குப் பெயிண்டர் தேடுவார். இதைக் கணக்குப் போடத் தெரிந்த பெயிண்டர் கார்த்திகை பிறக்கும்போது அந்த வாசலில் நிற்பார்.

பணமும் இதே ஓட்டத்தில்தான் வருகிறது. வீட்டுக்கடன் தருவதற்கு முன் வங்கிகள் அங்கீகரித்த வரைபடத்தைக் கேட்கும். பணத்தை ஒரே தவணையில் தராமல் வேலை ஏற ஏற விடுவிக்கும். அனுமதிப் பட்டியலில் இருக்கும் வீடுகளில் பலவற்றுக்குப் பின்னால் வங்கிப் பணம் இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். கூலி பாக்கிக்கு அலைந்து செருப்புத் தேய்ந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

நகராட்சி எல்லைக்கு வெளியே கதை வேறு. அங்கே பட்டியல்கள் இப்போதே வெளியில் கிடக்கின்றன, பார்க்கிறவர்கள்தான் குறைவு. பிரதமர் குடியிருப்புத் திட்டத்தின் ஊரகப் பயனாளிகளை ஊராட்சி வாரியாக இணையத்திலேயே பார்க்கலாம். 2024இல் தொடங்கிய கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய். சின்ன வேலைதான், ஆனால் ஒரே ஊரில் பத்து வீடு சேர்ந்தால் ஒரு கொத்தனார் குழுவுக்கு நிம்மதியாகச் சோறு. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவும், எட்டுக்கு மேல் வீடுகள் கொண்ட அடுக்குமாடியும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாக வேண்டும். அந்தப் பதிவும் பொதுப் பார்வைக்கு உண்டு. தென்காசி மாவட்டத்துப் பதிவுகளை மட்டும் பொறுக்கிப் பார்த்தால், இன்று கல் நட்டிருக்கும் இடத்தில் அடுத்த வருடம் போர்வெல்லும் காம்பவுண்டுச் சுவரும் வரும் என்பது தெரியும்.

ஒரு எச்சரிக்கை. மகன் துபாயிலும் மகள் பெங்களூரிலும் இருக்க, தனியாக நின்று வீடு கட்டும் அம்மாக்கள் சுரண்டையில் உண்டு. அவர்களின் பெயரும் கைபேசி எண்ணும் சுவரில் ஒட்டப்படுவதை யாரும் விரும்ப மாட்டார்கள், விரும்பவும் கூடாது. 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தகவல் உரிமைச் சட்டத்தில் தனிப்பட்ட விவரங்களுக்கான விலக்கை அகலமாக்கியிருக்கிறது. டொரண்டோ அட்டவணையில் வீட்டு உரிமையாளரின் பெயருக்கென்று ஒரு கட்டமே கிடையாது. தெருவும் வேலையும் தேதியும் போதும். கட்டட வாசலில் மணல் குவித்திருக்கும். அங்கே போய் நேரில் நின்று, முன்பு பார்த்த வேலையின் படத்தைக் காட்டிப் பேசுகிறவருக்குத்தான் நம் ஊரில் மரியாதை.

நகராட்சி தானாக ஒட்டும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஒரு வெள்ளைத்தாள், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர், சுரண்டை நகராட்சி. கேட்க வேண்டியது இவ்வளவுதான்: “கடந்த ஆறு மாதங்களில் சுரண்டை நகராட்சி எல்லைக்குள் சுயசான்று முறையிலும் மற்ற முறையிலும் வழங்கப்பட்ட கட்டட அனுமதிகளின் வார்டு எண், தெரு, அனுமதி நாள், கட்டடப் பரப்பளவு, தளங்களின் எண்ணிக்கை, பயன்பாடு ஆகிய விவரங்கள். உரிமையாளரின் பெயரோ தொடர்பு எண்ணோ தேவையில்லை.” முப்பது நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் முதல் மேல்முறையீடு. தனி ஆள் கையெழுத்தைவிடத் தொழிலாளர் சங்கத்துப் பொறுப்பாளர் ஒருவர் போட்டுப் பதிலை ஜெராக்ஸ் எடுத்து எல்லோருக்கும் கொடுப்பது நல்லது. இல்லாவிட்டால் சேதி இன்ஜினியர் ஆபீஸ் பெஞ்சிலிருந்து இன்னொரு பெஞ்சுக்கு மாறியதுதான் மிச்சம்.

இப்படிக்கு,
டொரண்டோவில் வசிக்கும் சுரண்டைக்காரன்