செருப்பும் சுனாமியும்

சோழபுரத்துக் கண்மாயில் என் இடது கால் செருப்பு மிதந்து போன கதை உங்களுக்குத் தெரியாது. சொல்கிறேன்.

எனக்கு அப்போது எட்டு வயசு. செருப்பு கரையிலிருந்து பத்தடி தள்ளி மிதக்கிறது. அப்பாவின் முகம் கண்முன் வந்து போனது. உடனே ஒரு ஐடியா! செருப்புக்கு அந்தப் பக்கமாகக் கல் எறிந்தேன். அலை கிளம்பி வந்து செருப்பைத் தள்ளிவிடும் அல்லவா? அலை ஜோராக வந்தது. கரையையும் தொட்டது. செருப்பு மட்டும் ஏறியது, இறங்கியது, அதே இடத்தில் நின்றது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தாத்தா ஒருவர், "ஏலே, கல்லைப் போட்டா செருப்பு வந்துருமா? எறங்கி எடுலே!" என்றார்.

அலையில் பயணம் போவது தண்ணீர் இல்லை ஸார், சக்தி. புரளி தெருவெல்லாம் சுற்றும். சொன்னவர்கள் அவரவர் வீட்டுத் திண்ணையிலேயே இருப்பார்கள் இல்லையா? அப்படி.

இந்தச் சமாசாரம் எனக்கு முழுசாகப் புரிந்தது 2004 டிசம்பர் 26-க்குப் பிறகுதான். சுமத்ரா பக்கம் பூகம்பம் வந்தபோது நம் ஊரில் காலை மணி 6.29. அந்த அலையின் வேகம் என்ன? நான் காமர்ஸ்தான், ஆனால் கையில் கால்குலேட்டர் இருக்கிறதே! கடலின் ஆழம் 4,000 மீட்டர் என்று வைத்து, 9.8-ஆல் பெருக்கி ஸ்கொயர் ரூட் போடுங்கள். விநாடிக்கு 198 மீட்டர். அதாவது மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல். சென்னையிலிருந்து ராஜபாளையத்துக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ் ராத்திரி பூரா ஓடுகிற தூரம், இதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது.

வேகம்தான் இப்படி. உயரம்? இரண்டு மணி நேரம் கழித்து ஜேஸன்-1 செயற்கைக்கோள் வங்கக் கடலில் அளந்தது சுமார் 60 சென்டிமீட்டர்! ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் நடுவே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். ஆழ்கடலில் படகில் இருந்த மீனவர்களுக்கு, அடியில் அப்படி ஒன்று கடந்து போனதே தெரியவில்லை. படகும் என் செருப்பு மாதிரிதான், மெள்ள ஏறி மெள்ள இறங்கியிருக்கும்.

கரைக்கு வந்ததும்தான் வினை. ஆழம் பத்து மீட்டர் ஆனால் வேகம் மணிக்கு 36 கிலோமீட்டர்தான். முன்னால் போகிறது பிரேக் போட, பின்னால் வருகிறது வந்து நெருக்க, அலை நீளத்தில் சுருங்கி உயரத்தில் எழுந்தது. கண்மாய்க் கணக்கு அங்கே செல்லவில்லை. தண்ணீரே ஊருக்குள் வந்துவிட்டது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேர் போனார்கள்.

அலை நம் கரையைத் தொட்டபோது மணி ஒன்பது வாக்கில். நடுவே முழுசாக இரண்டரை மணி நேரம் இருந்தது. பசிபிக் கடலுக்கு அப்போதே சுனாமி எச்சரிக்கை மையம் உண்டு. இந்தியப் பெருங்கடலுக்கு இல்லை. ஹைதராபாத்தில் நம் மையம் வந்தது 2007-ல்.

கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே நடக்கக் கால் மணி நேரம் போதும். இதற்குக் கால்குலேட்டர் வேண்டியதில்லை.