வேலை அங்கே, வீடு இங்கே

2020 மார்ச் 16 இரவு, கொவிட் பரவலைத் தடுக்க மலேசியா நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையை அறிவித்தது. 18ஆம் தேதியிலிருந்து மலேசியர்கள் நாட்டை விட்டு வெளியே போகக்கூடாது. ஜோகூர் பாருவில் குடியிருந்து சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஆயிரக்கணக்கானோர், இடையில் கிடைத்த ஒரே நாளில் மாற்றுத் துணியைப் பையில் திணித்துக்கொண்டு இரு நாட்டையும் இணைக்கும் கடற்பாலத்தைக் கடந்தார்கள். தங்க இடம் கிடைக்காத சிலர் கிராஞ்சி ரயில் நிலையத்துக்கு வெளியே படுத்துக் கிடந்தார்கள். அவர்களுக்கு இடம் பிடித்துத் தரும் முதலாளிகளுக்கு, ஆளுக்கு ஓர் இரவுக்கு 70 வெள்ளி வீதம் 14 இரவுகளுக்கு சிங்கப்பூர் அரசு உதவித்தொகை கொடுத்தது. எல்லை வழக்கம்போலத் திறந்ததோ 2022 ஏப்ரல் 1 அன்றுதான்.

தொற்றுக் காலத்தில் எல்லையை மூட எந்த நாட்டுக்கும் உரிமை உண்டு. ஆனால், அந்த இரண்டாண்டுத் தவிப்புக்குக் கிருமியை மட்டும் குறை சொல்ல முடியாது. அவர்கள் கையிலிருந்த ‘வொர்க் பெர்மிட்’ எந்த முதலாளி, என்ன தொழில், எதுவரை செல்லும் என்பதைச் சொல்லும். இவர் சாயங்காலம் வீடு திரும்புகிற ஆள் என்பதற்கு அதில் இடமே இல்லை.

ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கடற்பாலத்தையும் துவாஸ் பாலத்தையும் நாள்தோறும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடக்கிறார்கள். விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் கிளம்புகிறவர்களில் மலேசியத் தமிழர்களும் உண்டு. காரணம் எளிது: ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது, ஜோகூரில் வாடகையோ மலிவு.

விபத்து நேர்ந்தால்தான் சிக்கல் தெரியும். நிறுவனம் ஏற்பாடு செய்த வண்டியில் வரும்போது அடிபட்டால் சிங்கப்பூரின் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் கைகொடுக்கும். சொந்த மோட்டார் சைக்கிளில் விழுந்தவருக்குப் பொதுவாக அது கிடையாது. வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்துக்கு மலேசியாவின் சமூகப் பாதுகாப்பு அமைப்பான பெர்கேசோ இழப்பீடு தருகிறது. ஆனால், அந்தக் கட்டாயத் திட்டம் மலேசிய முதலாளியிடம் வேலை செய்பவருக்கானது.

சுவிட்சர்லாந்தில் இப்படி எல்லை தாண்டி வேலைக்குப் போய்வருவோருக்கென்றே ‘ஜி’ அனுமதி இருக்கிறது. பிரான்ஸிலும் இத்தாலியிலும் ஜெர்மனியிலும் வீட்டை வைத்துக்கொண்டு ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் அங்கே வேலைக்குப் போய்வருகிறார்கள். வாரத்தில் ஒரு முறையாவது வீடு திரும்ப வேண்டும் என்பதே நிபந்தனை. 2020 மார்ச்சில் எல்லையை இறுக்கியபோதும் அந்த அட்டையைக் காட்டியவர்களை உள்ளே விட்டார்கள். அதற்காக அங்கே முணுமுணுப்பே இல்லை என்பதல்ல; இத்தாலியத் தொழிலாளர்களால் கூலி குறைகிறது என்று டிசீனோ மாநிலத்தில் பல ஆண்டுகளாகவே பொருமல் உண்டு. இருந்தும், இவர்கள் யார், எந்த நாட்டில் வரி, எங்கே காப்பீடு என்பதெல்லாம் எழுத்தில் இருக்கிறது.

சிங்கப்பூரும் மலேசியாவும் சும்மா இருக்கவில்லை. 2024 மார்ச் முதல் உட்லண்ட்ஸ், துவாஸ் சாவடிகளில் கடப்பிதழுக்குப் பதில் கியூஆர் குறியீட்டைக் காட்டலாம். 2025 ஜனவரியில் ஜோகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் மண்டல ஒப்பந்தம் கையெழுத்தானது. 2026 இறுதியை இலக்காக வைத்துக் கட்டப்படும், ஜோகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் நான்கு கிலோமீட்டர் ஆர்டிஎஸ் ரயில், மணிக்கு ஒரு திசையில் 10,000 பேரை ஏற்றிச் செல்லும். இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் ஏறும் நிலையத்திலேயே முடிந்துவிடும். எல்லாமே வரிசையைக் குறைக்கும் ஏற்பாடுகள்.

அனுமதிச் சீட்டை மட்டும் யாரும் தொடவில்லை. தினமும் போய்வரும் தொழிலாளிக்கு இரு அரசுகளும் ஒப்புக்கொண்ட தனி அனுமதி வேண்டும். வழியில் நேரும் விபத்துக்கு யார் பொறுப்பு, எல்லை மூடினால் இவர்கள் எந்த நிபந்தனையில் கடக்கலாம் என்ற இரண்டுக்காவது அதில் விடை இருக்க வேண்டும். ரயில் ஓடத் தொடங்கினால் போய்வருவோர் தொகை இன்னும் கூடும். அதற்குள் இதைப் பேசி முடிப்பதே இரு அரசுகளுக்கும் நல்லது.