கனவும் கிணறும்

சென்ற ஞாயிறன்று காலை நாமும் நம் இல்லத்தரசியாரும் நம் பழைய காரிற் பண்ணைப் பாலத்தைக் கடந்து தீவகம் நோக்கிப் புறப்பட்டோம். அவசரம் யாதுமில்லை. இருமருங்கும் ஆழமற்ற கடல். வலை கட்டிய தடிகள். அவற்றின்மேல் தவமிருக்கும் பறவைகள்.

வேலணையைத் தாண்டிப் புங்குடுதீவை அடைந்ததும் அம்மையார் மௌனமானார். அங்கேதான் அவர் பிறந்த வீடு. 1991இல் போர் அவ்வூரவரைப் பெயர்த்தது. 2009இல் அது முடிந்த பின்னரும் பலர் மீளவில்லை. வீட்டிற்குக் கூரையில்லை. முற்றத்தில் ஆளுயர வடலிகள்.

ஆயினும் ஆசை யாரை விட்டது?

"இஞ்சாருங்கோ, இதைத் திருத்தி இங்கேயே இருப்பம். இரண்டு ஆடு, ஒரு முருங்கை, பின்னேரத்தில கடற்காத்து. வேறென்ன வேணும்?"

நாமும் மனத்துள்ளே திண்ணை கட்டிச் சாய்மனைக் கதிரையும் இட்டுவிட்டோம்!

அயலவர் தந்த வாளியைக் கிணற்றில் இறக்கினோம். ஒரு மிடறு அருந்தியதுமே திண்ணை சரிந்தது. ஒரே உவர்!

தீவுகளில் மழைநீர் நிலத்தடியே உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கின்றது. அளவுக்கு மீறி இறைத்தால் உவர் மேலேறும். முன்னோர் குளமும் கேணியும் வெட்டி மழையைத் தேக்கியது இதனாலன்றோ? அவற்றைத் தூர விட்டவர்கள் நாமே.

குறிகட்டுவான் துறையில், நயினாதீவுக்குப் படகேறும் அடியார்களைப் பார்த்து நின்றோம். நெடுநேரத்தின்பின் அம்மையார் வாய் திறந்தார்.

"வீடு பிறகு பாப்பம். ஐப்பசி மழைக்கு முன்னம் கோயில் கேணியைத் தூர்வார ஏதும் குடுப்பம்."

தீவிற் காணியுடைய நேயர்களே, உங்கள் கனவுக்கும் அத்திவாரம் அதுவே.