நாற்பது நாற்காலி, பதினோரு பேர்

இந்த மார்ச் மாதக் கடைசியில், எங்கள் பக்கத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றின் ஆண்டு விழாவுக்குப் போயிருந்தேன். பள்ளியின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அங்கே இருக்கும் இரண்டு ஆசிரியர்களுக்குத்தான் தொல்லை. உச்சிப்புளியில் இருந்து கடற்கரைப் பக்கம் போகிற சாலையில், தென்னந்தோப்புக்கு நடுவில் இருக்கிறது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நான் படித்த பள்ளிக்கூடம் அது.

புறப்படும்போது டீக்கடையில் ஒருவர் கேட்டார். "என்ன சார், வேட்டி சட்டையெல்லாம் பளிச்சுன்னு இருக்கு, எங்கிட்டு போறீக? கல்யாணமா?"

"பள்ளிக்கூடத்து ஆண்டு விழா" என்றேன்.

"நம்ம பள்ளிக்கூடமா? அது இன்னும் நடக்குதா?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை. அவர் கடையில் இருந்து பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம்.

வாடகைக்கு நாற்பது நாற்காலி எடுத்துப் போட்டிருந்தார்கள். வந்தவர்கள் என்னையும் சேர்த்துப் பதினோரு பேர். அதில் நான்கு பேர் காலை உணவு சமைக்கிற பெண்களும் சத்துணவுக் கூடத்துப் பெண்களும். பள்ளியில் மொத்தம் பதினேழு பிள்ளைகள். விழா காலை பத்தரை மணிக்கு. அந்த நேரத்தில் எந்தத் தகப்பன் வேலையை விட்டுவிட்டு வருவான்? கடலுக்குப் போனவர்கள் கரையில் மீனைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். பெண்கள் நூறு நாள் வேலையில் இருப்பார்கள். சிறப்பு விருந்தினர் பன்னிரண்டு மணிக்கு வந்தார். அதுவரை பிள்ளைகள் முகத்தில் பவுடரோடும் சாயத்தோடும் வேர்த்து வடிய உட்கார்ந்திருந்தன. வந்தவர் அரை மணி நேரம் பேசினார். அதில் பாதி, மேடையில் இருப்பவர்களின் பெயரைச் சொல்வதிலேயே போனது. பொன்னாடை ஆறு. பிள்ளைகளுக்குப் பென்சில் பெட்டி ஆளுக்கு ஒன்று.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, அன்றைய செய்தித்தாளை எடுத்து, யார் எந்தப் பத்தியைக் காட்டினாலும் தடங்கல் இல்லாமல் வாசித்தாள். நான் வேண்டுமென்றே கஷ்டமான ஒரு பத்தியைக் காட்டினேன். நீதிமன்றச் செய்தி. "வழக்கறிஞர்", "மேல்முறையீடு" எல்லாம் தங்கு தடையின்றி வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்க்க ஊரில் பதினோரு பேர்தான் இருந்தோம் என்பதுதான் என் கோபம். அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

யார் மேல் கோபம்? அரசாங்கத்தின் மேலா? கொஞ்சம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன். முதல் கோபம் நம் மேல்தான், என் வயதுக்காரர்கள் மேல்தான்.

நாம் எப்படிப் படித்தோம் என்று நினைத்துப் பாருங்கள். 1953-ல் ராஜாஜி அரை நேரப் பள்ளிக்கூடத் திட்டம் கொண்டுவந்ததும், அது எதிர்ப்பில் எரிந்ததும், 1954-ல் காமராஜ் வந்து அதைக் கைவிட்டதும் நமக்கு முந்தின கதை. நமக்குக் கிடைத்தது அதற்குப் பிறகு வந்த காலம். மதிய உணவுத் திட்டம் வந்தபோது, செலவில் ஒரு பங்கு அரசு, ஒரு பங்கு ஊர் என்றுதான் ஏற்பாடு. ஊரும் கை கொடுத்தால்தான் அடுப்பு எரியும். 1958-ல் கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு அதை இயக்கமாகவே நடத்திக் காட்டினார். பள்ளிக்கு என்ன வேண்டும் என்று பட்டியல் போட்டு ஊராரிடம் வைப்பது, ஊரார் பெஞ்சு, கடிகாரம், வரைபடம், கிணறு, நிலம் என்று ஆளுக்கொன்றை ஏற்றுக்கொள்வது. காமராஜ் போய் மேடையில் நிற்பார். பணக்காரர் கட்டடம் கொடுத்தார், இல்லாதவர் ஒரு மணியோ ஒரு பானையோ கொடுத்தார். இது தமிழ்நாடு முழுக்க நடந்த காரியம்.

நம் பக்கமும் அந்தப் பழக்கம் இருந்தது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனது உலகத்துக்கே தெரியும். அங்கே இடிந்து நிற்கிற சுவர்களைக் காட்டி, இது பள்ளிக்கூடமாக இருந்தது என்று இன்றைக்கும் சுற்றுலாக்காரர்களுக்குச் சொல்கிறார்கள். எங்கள் பள்ளியின் ஓலைக் கூரையும் அந்தக் காற்றில் பறந்தது. நான் அப்போது சின்ன வகுப்பு. பொங்கலுக்குள் கூரை மறுபடி நின்றுவிட்டது. மரக்காயர் வீட்டுத் தோப்பில் இருந்து கிடுகு வந்தது, பனையேறிகள் கை மரம் கொண்டுவந்தார்கள், கரைவலைக்காரர்கள் கயிறு கொடுத்தார்கள். என் ஐயா கூலி வாங்காமல் இரண்டு நாள் வேலை செய்தார். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. எந்த அதிகாரியும் வந்து கூட்டம் போட்டதாக எனக்கு நினைவில்லை.

ஆண்டு விழா அப்போது ராத்திரியில் நடக்கும். பெட்ரோமாக்ஸ் விளக்கு. அரிச்சந்திரன் நாடகத்தில் நான் மயானத்துக் காவல்காரனுக்குப் பக்கத்தில் நிற்கிற ஆள், வசனம் கிடையாது. அதைப் பார்க்க என் அப்பத்தா ஓலைப்பாயோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நாகாச்சி, என்மனங்கொண்டான் பக்கம் இருந்தெல்லாம் ஆள் வந்தது.

பள்ளிக்கூடம் ஊருடையது என்றால் வேறொன்றும் அர்த்தம். கேள்வி கேட்கிற உரிமை. அப்துல் கலாம் தம் 'அக்னிச் சிறகுகள்' நூலில் சொல்லியிருப்பது நம்மில் பலருக்குத் தெரியும். ராமேஸ்வரம் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. குருக்கள் மகன் ராமநாத சாஸ்திரியும் தொப்பி போட்ட கலாமும் முன்பெஞ்சில் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறார்கள். புதிதாக வந்த ஆசிரியர் கலாமை எழுப்பிப் பின்பெஞ்சுக்கு அனுப்புகிறார். பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்கின்றன. லட்சுமண சாஸ்திரி அந்த ஆசிரியரை வரவழைத்து, பிள்ளைகள் மனதில் விஷத்தை விதைக்காதே, மன்னிப்புக் கேள், இல்லையேல் பள்ளியை விட்டும் தீவை விட்டும் போய்விடு என்கிறார். ஆசிரியரும் வருந்தித் திருந்தினார். இதை மத நல்லிணக்கக் கதையாகவே எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். சரிதான். ஆனால் நான் அதில் பார்ப்பது இன்னொன்று. கோயிலின் பெரிய குருக்களின் மகனும் படகுக்காரர் மகனும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தார்கள். அதனால்தான் அங்கே நடந்த அநியாயம் பெரியவர் காதுக்கு எட்டியது. இன்றைக்குப் பெரியவர் வீட்டுப் பிள்ளை வேனில் ஏறி ராமநாதபுரம் போய்விடுகிறது. இங்கே மிச்சம் இருக்கிற பிள்ளைக்கு அநியாயம் நடந்தால் யார் வந்து கேட்பது?

இப்போது என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். தபால் இலாகாவில் சம்பளம் ஒழுங்காக வர ஆரம்பித்ததும் நான் செய்த முதல் காரியம், என் மகனை ராமநாதபுரத்தில் ஆங்கிலவழிப் பள்ளி ஒன்றில் சேர்த்ததுதான். ஆறு வயதுப் பிள்ளை, விடியலில் எழுந்து பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டு போவான். அரசுச் சம்பளம் வாங்கிய என் நண்பர்கள், அதில் பள்ளி ஆசிரியர்களும் உண்டு, எல்லோரும் அதையே செய்தோம். நாங்கள் வழி காட்டினோம், ஊர் பின்னால் வந்தது. இன்றைக்குக் கொத்தனாரும் மீன் வியாபாரியும் கடன் வாங்கி வேனுக்குப் பணம் கட்டுகிறார்கள் என்றால், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

ஆனால் கேள்வி கேட்காமலும் இருக்க முடியவில்லை. ஒன்றாம் வகுப்புக்கு அரசுப் பள்ளி வேண்டாம் என்கிறார்கள். அதே ஆட்கள் ஐந்து முடிந்ததும் ஆறாம் வகுப்புக்கு அரசுப் பள்ளி வாசலில் வந்து நிற்கிறார்கள். ஏன்? ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால்தான் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. பெண் பிள்ளைக்குக் கல்லூரியில் மாதம் ஆயிரம் ரூபாய். சலுகைக்கு அரசுப் பள்ளி நல்ல பள்ளி, அ ஆ படிக்க மட்டும் கெட்ட பள்ளியா?

"ரெண்டு டீச்சர் அஞ்சு வகுப்பை எப்படி சார் பார்ப்பாக?" என்று கேட்கிறார்கள். இது நியாயமான கேள்வி. நான் மழுப்ப மாட்டேன். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்தான். அதிலும் ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போய்விட்டால் மற்றவர் ஒரே அறையில் ஐந்து வகுப்பையும் வைத்துக்கொண்டு, நடுவில் கைப்பேசியில் புள்ளிவிவரமும் ஏற்ற வேண்டும். வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்று அரசு கொடுக்க வேண்டும். இதில் அரசின் மேல் எனக்குள்ள கோபத்தில் ஒளிவு மறைவு இல்லை. அதே சட்டத்தின் கீழ் தனியார் பள்ளியில் 25 சதவீத இடத்துக்குப் பணம் கொடுக்கிற அரசு, தன் சொந்தப் பள்ளியில் மூன்றாவது ஆசிரியருக்குக் கணக்குப் பார்க்கிறது. ஆனால் 61-வது பிள்ளை இருந்தால் மூன்றாவது ஆசிரியரைச் சட்டப்படியே கேட்கலாம் அல்லவா? அந்தப் பிள்ளைகளை வேனில் ஏற்றி அனுப்பியது யார்? ஆசிரியர் இல்லை என்று பிள்ளையை எடுக்கிறோம், பிள்ளை இல்லை என்று ஆசிரியரை எடுக்கிறார்கள். இந்தக் கயிறு இழுப்பு எங்கே முடியும் என்பதும் தெரிந்ததுதான். 2025 ஆகஸ்டில், ஒரு பிள்ளைகூட இல்லாமல் மூடிக் கிடக்கிற அரசுப் பள்ளிகள் மாநிலத்தில் இருநூறைத் தாண்டிவிட்டன என்று செய்தி வந்தது.

ஆங்கிலம் என்பார்கள். 2012-13-லேயே அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழி வகுப்புகள் தொடங்கிவிட்டன. அதற்கு மேல் இதைப் பேச எனக்குப் பொறுமை இல்லை.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. காலையில் எட்டு மணிக்கு அந்தப் பள்ளிப் பக்கம் போய்ப் பாருங்கள், ரவை கிச்சடி வாசனை சாலைக்கே வரும். சமைப்பவர்கள் உள்ளூர் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். பாலில்லாத பால்பவுடரையும் கோதுமை உப்புமாவையும் தின்று வளர்ந்த நமக்கு அதன் அருமை தெரியும். பள்ளி மேலாண்மைக் குழுவும் சட்டத்தில் இருக்கிறது. முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். 2024-ல் மாற்றி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் அதில் இடம் வைத்தார்கள். காமராஜ் காலத்தில் ஊர் தானாகச் செய்ததை இப்போது சட்டமே போட்டுச் செய்யச் சொல்கிறது. கையெழுத்துப் போட ஆள் தேடி டீச்சர் வீடு வீடாகப் போகிறார். இதுதான் நிலைமை.

கோயில் கொடை, கந்தூரி, காதுகுத்து எதற்கும் நான் எதிரி இல்லை, எல்லாவற்றிலும் சாப்பிடுகிறவன்தான். ஆனால் காதுகுத்துக்கு முப்பது அடி பிளக்ஸ் வைக்கிற ஊரில், பள்ளிக்கூடத்துக் கழிப்பறைக் கதவு எட்டு மாதமாகத் தாழ்ப்பாள் இல்லாமல் கிடக்கிறது. தாழ்ப்பாள் என்ன விலை? இதற்கும் அரசாணை வேண்டுமா?

விழா முடிந்ததும் தலைமை ஆசிரியையிடம் சொன்னேன். "அடுத்த வருஷம் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வையுங்கம்மா. விருந்தினரே வேண்டாம். பொன்னாடைக் காசில் ஒரு சுண்டல் போடுங்கள். மேடையில் இந்த வருஷக் கணக்கைச் சொல்லுங்கள். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் போனார்கள், ஐந்து முடிக்கிற பிள்ளைகள் ஆறுக்கு எங்கே போகின்றன, எத்தனை பேருக்கு வாசிக்க வரும், வராத பிள்ளைக்கு என்ன செய்யப் போகிறீர்கள். கடைசியில் அந்தப் பிள்ளை செய்தித்தாள் வாசிக்கட்டும். ஊரே எழுந்து நிற்கும்."

அவர் சிரித்தார். "சாயங்காலம் வச்சா நீங்க ஆள் கூட்டிட்டு வருவீங்களா சார்?" என்று கேட்டார். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் விடவில்லை. "ஆண்டு விழா அடுத்த மார்ச்சுலதான் சார். ஜூன்ல ஒண்ணாம் வகுப்புக்கு ஆள் வேணும். இந்த வருஷம் அஞ்சாவதுல இருந்து நாலு பேர் வெளிய போறாங்க. புதுசா இதுவரைக்கும் ஒரு பிள்ளைதான் பேர் குடுத்திருக்கு."

பதினேழில் நாலு போனால் பதிமூன்று. ஒன்று சேர்ந்தால் பதினாலு. கணக்கு சின்னதுதான், ஆனால் ராத்திரி தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலையில் அங்கன்வாடிக்குப் போய் விசாரித்தேன். எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் ஐந்து வயது நிரம்பிய பிள்ளைகள் மூன்று வீட்டில் இருக்கின்றன. இரண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். ஒரு வீட்டில், "டீச்சர் மாறிப் போயிட மாட்டாகளே?" என்று ஒரே கேள்வி கேட்டுவிட்டு, சேர்க்கிறோம் என்றார்கள். இன்னொரு வீட்டில் வேனுக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. அந்தத் தாய் என் முகத்தைப் பார்த்து, "உங்க பேரப்பிள்ளை எங்க மாமா படிக்குது?" என்று கேட்டாள். சென்னையில், அது எந்தப் பள்ளி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பதில் சொல்ல முடியாமல் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன்.

மூன்றாவது வீடு என் தம்பி மகன் வீடு. நாளைக்குக் காலையில் போகிறேன். தாழ்ப்பாளும் வாங்கி வைத்திருக்கிறேன், போகிற வழியில் பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிட வேண்டும்.