பூச்சுக்குப் பின்னால்

வீடு கட்டத் துணிந்தவர் மேஸ்திரியிடமோ காண்ட்ராக்டரிடமோ கேட்கும் முதல் கேள்வி, "சதுர அடி என்ன ரேட்?" அப்புறம் ஒரு வாரம் பேரம் நடக்கும். சதுர அடிக்கு நூறு ரூபாய் குறைத்தால் 1,200 சதுர அடி வீட்டுக்கு 1,20,000 ரூபாய் மிச்சம். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அந்தப் பணம் எதிலிருந்து குறைந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

டைல்ஸை நாமே கடைக்குப் போய்த் தேர்ந்தெடுக்கிறோம். தலைவாசல் தேக்கு என்று முன்பே பேசியாகிவிட்டது. பெயின்ட் எந்தக் கம்பெனி என்பதும் எழுத்தில் இருக்கிறது. இவற்றில் காண்ட்ராக்டர் கைவைக்க முடியாது. பூச்சு வேலை முடிந்ததும் மறைந்துவிடும் இடங்கள்தான் அவருக்கு மிச்சம். அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கட்டுப்படியாகாத ரேட்டுக்கு அவரைத் தள்ளியதே நாம்தான்.

முதலில் அடிபடுவது கியூரிங். தளம் போட்ட பிறகு பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். தூண்களுக்குக் கோணிச்சாக்கைச் சுற்றி நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சாதாரண சிமென்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்து வரும் பி.பி.சி. சிமென்டுக்குக் குறைந்தது 10 நாள் என்கிறது இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456. சிமென்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது. மூன்றாம் நாளே தண்ணீர் விடுவதை நிறுத்தினால் ஒரு ஆள் கூலியும் லாரித் தண்ணீர்க் காசும் மிச்சமாகும். தளமோ பார்வைக்கு அப்படியேதான் இருக்கும். வலு குறைந்தது யாருக்குத் தெரியும்?

அடுத்தது கவர் பிளாக். கம்பிக்கும் கான்கிரீட்டின் வெளிப்பரப்புக்கும் நடுவே தளத்தில் சுமார் 20 மில்லிமீட்டரும் தூணில் 40 மில்லிமீட்டரும் இடைவெளி இருக்க வேண்டும். அதற்காக வைக்கும் சின்னஞ்சிறு கட்டை அது. விலை சில ரூபாய்தான். அதற்குப் பதில் கையில் கிடைத்த ஜல்லியைச் செருகிவிட்டுப் போகிறார்கள். கான்கிரீட் கொட்டும்போது ஆட்கள் மிதிக்க, ஜல்லி நகர்ந்து, கம்பி சென்டரிங் பலகையிலேயே படுத்துக்கொள்கிறது.

இந்தத் தளத்தின் மேல் நம் ஐப்பசி, கார்த்திகை மழை இறங்குகிறது. பழைய தஞ்சாவூர், செட்டிநாட்டு வீடுகளின் மொட்டை மாடியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து, கட்டையால் நாள் கணக்கில் அடித்து இறுக்குவார்கள். அதன்மேல் வாட்டம் பார்த்துத் தட்டோடு. இன்றைக்கு அந்த வேலை தெரிந்த ஆள் அரிது. மாற்றாக நல்ல வாட்டர்ப்ரூஃபிங் பொருள்கள் இருக்கின்றன. ஆனால் "மேலே மாடி எழுப்பப் போகிறோமே, எதற்கு இப்போது?" என்று இரண்டையும் செய்யாமல் விட்ட வீடுகள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. மாடி எழும்பவில்லை. வாட்டம் இல்லாத தளத்தில் தண்ணீர் தேங்கி, மயிரிழை விரிசல் வழியே கம்பியைத் தொடுகிறது. துரு, இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். உள்ளிருந்து அது நெட்ட, கூடத்துக் கூரையின் பூச்சு பாளம் பாளமாக விழுகிறது. என் உறவினர் ஒருவர் ஒவ்வொரு தீபாவளிக்கும் கூரையின் ஓதக்கறைமேல் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்துவந்தார். கடைசியில் கம்பிவரை கொத்தி எடுத்துப் புதுக் கான்கிரீட் வைக்க வேண்டியதாயிற்று. அத்தனை வருஷத்துப் பெயின்ட் செலவோடு அதையும் சேர்த்தால், கட்டும்போதே செய்திருக்க வேண்டிய வேலையின் செலவைப் போலப் பல மடங்கு. குழந்தை படுத்துறங்கும் இடத்துக்கு நேர் மேலே அந்தப் பூச்சு தொங்கியதை நினைத்தால் இப்போதும் பதறுகிறது.

குறைந்த செலவில் நல்ல வீடு கட்ட முடியாதா என்றால், முடியும். திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-ல் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் அதை வாழ்நாள் முழுக்கச் செய்து காட்டினார். செங்கல்லைக் குத்துக்கல்லாக நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டினார். சுமார் கால் பங்கு செங்கல் மிச்சம், வீடும் குளுமை. சுவருக்குப் பூச்சே வேண்டாம் என்றார். தளத்தின் கீழ்ப்பகுதியில் கான்கிரீட்டுக்கு அதிக வேலை இல்லை என்பதால் அங்கே மங்களூர் ஓடுகளை வைத்தார். எந்தப் பொருள் எதைச் சுமக்கிறது என்று அறிந்து குறைத்தவர் அவர். நாம் நேர்மாறாக, ஃபால்ஸ் சீலிங்கையும் எலிவேஷனையும் வைத்துக்கொண்டு, மின்கசிவின்போது இணைப்பைத் துண்டித்து உயிர் காக்கும் ஆர்.சி.சி.பி.யை வேண்டாம் என்கிறோம்.

பத்திரத்திலும் இதே கதைதான். தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம். பத்து லட்சத்தைக் குறைத்துக் காட்டி மீதியை ரொக்கமாகக் கொடுத்தால் 90,000 ரூபாய் மிச்சம் என்று ஆசை காட்டுவார்கள். நாளைக்கு அதே வீட்டை முழு விலைக்கு விற்கும்போது அந்தப் பத்து லட்சமும் லாபக் கணக்கில் ஏறும். விற்ற பணத்தில் வேறு வீடு வாங்காவிட்டால் 12.5 சதவீத வரி, அதாவது 1,25,000 ரூபாய். சட்டத்துக்குப் புறம்பான காரியம் என்பது ஒருபுறம். கணக்காகப் பார்த்தாலும் நஷ்டம்.

வக்கீல் ஃபீஸை மிச்சம் பிடிப்பது இதைவிட மோசம். "வில்லங்கம் பார்த்துட்டேன், சுத்தமா இருக்கு" என்பார்கள். வில்லங்கச் சான்றிதழில் பதிவான ஆவணங்கள்தான் வரும். பதியாத உயில் வராது. கையெழுத்துப் போடாத தங்கையும் வரமாட்டார். பூர்வீகச் சொத்தில் பெண்களுக்குச் சம பங்கு தமிழ்நாட்டில் 1989-லேயே வந்தது. நாடு முழுமைக்கும் 2005-ல். அண்ணன்மார் மட்டும் சேர்ந்து விற்ற மனையை வாங்கியவர், தங்கை தொடுத்த பாகப்பிரிவினை வழக்கில் ஆண்டுக்கணக்காக அலைய நேர்கிறது. அந்தத் தங்கை கேட்பது நியாயமும்கூட.

கடனைப் பற்றி ஒரே ஒரு கணக்கு. 30 லட்சத்தை 9 சதவீத வட்டியில் 20 வருஷத்துக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 27,000 ரூபாய். 30 வருஷத்துக்கென்றால் 24,100. மாதம் ஏறத்தாழ 2,900 ரூபாய்தான் குறைகிறது. கட்டும் வட்டியோ 22 லட்சம் கூடுகிறது. சம்பளம் உண்மையிலேயே இடம் தராதவர்களுக்கு வேறு வழியில்லை. இடம் இருந்தும் நீட்டிக்கொள்பவர்கள் இதை ஒருமுறை எழுதிப் பார்க்கட்டும்.

குடியேறிய பிறகும் இந்தப் பழக்கம் விடுவதில்லை. அடுக்குமாடிச் சங்கக் கூட்டங்களில் மெயின்டனன்ஸை நூறு ரூபாய் ஏற்றுவதற்குள் கைகலப்பு வரை போய்விடும். தொகையை ஏற்றாமல் காத்த செயலாளருக்கு நல்ல பெயர். ஆனால் மாடியின் வடிகால் குழாய் வாயில் சருகு அடைத்திருக்கும், சம்ப் கழுவப்பட்டிருக்காது, லிஃப்ட்டின் பராமரிப்பு ஒப்பந்தம் காலாவதியாகியிருக்கும். லிஃப்ட் நின்றுபோனால் இளைஞர்கள் படியேறிவிடுவார்கள். மூன்றாம் மாடியில் முழங்கால் வலியோடு இருக்கும் அம்மாக்கள் மருத்துவரிடம் போவதையே தள்ளிப்போடுகிறார்கள். அந்த நூறு ரூபாயை ஏற்ற முடியாது என்று கை தூக்கியவர்களில் அவர்களின் பிள்ளைகளும் உண்டு.  மழைக்கு முன் உங்கள் சங்கம் கூடினால் லிஃப்ட் ஒப்பந்தத்தையும் மாடி வடிகாலையும் முதலில் பேசச் சொல்லுங்கள். வாசல் வளைவுக்கு விளக்குப் போடுவது பொங்கல் வரை பொறுக்கும்.