வராத பில்

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் வரவா, செலவா என்று கேட்பான். தடுப்பு மருந்து விஷயத்தில் மட்டும் கணக்கு உதைக்கிறது. லீவு, ஆட்டோ, குழந்தையின் அழுகை எல்லாம் செலவுப் பக்கம் பளிச்சென்று தெரிகிறது. வரவு? அட்மிட் ஆகாத குழந்தைக்கு ஏது சார் கேஸ் ஷீட்?

அமெரிக்காவில் அந்த வரவை எண்ணிவிட்டார்கள். ரோட்டா வைரஸ் என்றொரு ஆசாமி. பச்சைக் குழந்தைக்கு வாந்தியும் பேதியும் கொடுத்து, உடம்பில் தண்ணீரே இல்லாமல் வற்ற வைத்து, டிரிப்ஸ் ஏற்றும் வரை விடமாட்டான். 2006-ல் சொட்டு மருந்து வருவதற்கு முன் அங்கே ஆண்டுக்கு 55,000 முதல் 70,000 குழந்தைகள் இவனால் ஆஸ்பத்திரியில் படுத்தன. வந்த பிறகு, ஆண்டுக்கு 40,000 முதல் 50,000 அட்மிஷன் மிச்சம். போனஸ் வேறு: மருந்தே சாப்பிடாத பெரியவர்களும் குறைவாகத்தான் படுத்தார்கள். குழந்தைக்கு வந்தால்தானே தாத்தாவுக்கு ஒட்டும்!

நம் நாட்டில் 2016-ல் சில மாநிலங்களில் ஆரம்பித்து, இப்போது எல்லா இடத்திலும் அரசே இலவசமாகத் தருகிறது. 6, 10, 14-வது வாரங்களில். ஊசிகூட இல்லை, வாய்வழிதான். எல்லா பேதியையும் இது தடுக்காது. டிரிப்ஸ் வரை போகிற மோசமான பேதியைப் பெருமளவு குறைக்கும்.

புது அப்பாக்களே, மூன்று அரை நாள் லீவுக்கா யோசிக்கிறீர்கள்? கையில் பிளாஸ்க்கோடு வார்டு வாசலில் நிற்கிற அப்பாவைக் கேளுங்கள். அந்த லீவை எந்த மேனேஜரும் கணக்கில் சேர்க்கமாட்டார். அவருக்கும் அது கணக்காகத் தோன்றாது.